மூச்சுப் பயிற்சியும் இன்வர்ட் ரெஜிஸ்டரும்

மன அழுத்தத்தைச் சமாளிப்பது எப்படி என்று சொல்லித் தராத ஆளே இப்போது கிடையாது. வாட்ஸ்அப்பில் காலை வணக்கத்தோடு சேர்ந்து வருகிறது. மருந்துக் கடையில் கொடுத்த காலண்டரின் பின்பக்கத்தில்கூடப் போட்டிருக்கிறார்கள். தண்ணீர் குடி, நடை போ, மூச்சை இழுத்து விடு, பிடித்த பாட்டைக் கேள், பிடித்தவர்களோடு பேசு. ஒன்றிலும் தப்பில்லை. ஆனால் இவற்றை எங்கே படித்தாலும் எனக்கு ஓர் உறுத்தல் இருந்துகொண்டே இருக்கிறது. அழுத்துகிற ஆளைப் பற்றி அதில் ஒரு வார்த்தை இருக்காது. ஏதோ வடகிழக்குப் பருவமழை மாதிரி அழுத்தம் தானாக வந்து இறங்குவதாகவும், குடை பிடிக்கத் தெரியாததுதான் நம் குறை என்பதாகவும் எழுதியிருப்பார்கள். கொஞ்ச நாளாக இதை எழுதிவிட வேண்டும் என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.

நான் வேலை பார்ப்பது சென்னைப் பாரிமுனையில், ஒரு கஸ்டம்ஸ் கிளியரிங் ஆபீஸில். ஏற்றுமதி, இறக்குமதிச் சரக்குகளுக்குக் கஸ்டம்ஸ் வேலையை முடித்துக் கொடுப்பது எங்கள் தொழில். தம்புச் செட்டித் தெரு, லிங்கிச் செட்டித் தெருப் பக்கம் வந்தவர்களுக்கு அந்தக் கட்டடங்களைத் தெரியும். கீழே ஜெராக்ஸ் கடை, அதற்கு மேல் வக்கீல் ஆபீஸ், அதற்கும் மேல் எங்களைப் போல ஒன்று. இந்தத் தொழிலில் அவசரம் என்பது யாருடைய குணமும் இல்லை, தொழிலே அப்படித்தான். கப்பல் யாருக்காகவும் நிற்காது. ஏற்றுமதி என்றால் கட்-ஆஃப் நேரத்துக்குள் கன்டெய்னர் துறைமுகத்துக்குள் போயாக வேண்டும். லாரி ஜீரோ கேட் வரிசையில் மாட்டிக்கொண்டால் நம் கையில் ஒன்றும் இல்லை. இறக்குமதி என்றால் பில் ஆஃப் என்ட்ரி என்கிற கஸ்டம்ஸ் படிவத்தைக் குறித்த நாளுக்குள் ஃபைல் பண்ண வேண்டும். 2017-ல் வந்த மாற்றத்தின்படி, தாமதமானால் முதல் மூன்று நாட்களுக்கு நாளொன்றுக்கு 5,000 ரூபாய், அதற்கு மேல் நாளொன்றுக்கு 10,000 ரூபாய். தப்பு எங்களுடையது என்றால் பார்ட்டி, அதாவது சரக்குக்காரர், அதை எங்கள் பில்லில் கழித்துக்கொள்வார். சரக்கு என்ன வகை என்று காட்டும் எச்.எஸ். கோடில் ஓர் எண் பிசகினால் கட்ட வேண்டிய டூட்டியே மாறிவிடும். ஆகவே இந்த வட்டாரத்தில் எல்லோரும் கத்துவார்கள். கத்துவதை யாரும் பெரிதாக எடுத்துக்கொள்வதும் இல்லை.

எங்கள் பழைய மேனேஜர் கத்துவதில் பேர்போனவர். ராயபுரத்துக்காரர். அவர் பேச்சை இங்கே அப்படியே எழுத முடியாது. "இன்வாய்ஸ்ல ஒண்ணு இருக்கு, செக்லிஸ்ட்ல ஒண்ணு இருக்கு, எவன்டா பார்த்தது?" என்று ஆரம்பித்தால் கீழே வக்கீல் ஆபீஸ் வரைக்கும் கேட்கும். பார்த்தவன் எழுந்து நிற்பான், திருத்துவான், அரை மணி நேரம் கழித்து அவரே டீ சொல்லுவார். இதை நான் பெருமையாகச் சொல்லவில்லை. அந்தப் பேச்சுக்காகவே வேலையை விட்டுப் போன பெண் ஒருவர் உண்டு. அவர் போனது சரிதான். ஆனால் அந்த மேனேஜர் திட்டியது வேலையை. வேலை சரியானதும் திட்டு முடிந்துவிடும். அதை வீட்டுக்குத் தூக்கிக்கொண்டு போனவர்கள் அதிகம் இல்லை.

அவர் ஓய்வு பெற்ற பிறகு வந்தவர் ஒருநாளும் குரலை உயர்த்தியதில்லை. "வாங்க, உட்காருங்க" என்றுதான் கூப்பிடுவார். ஆபீஸைக் கூட்டுகிற அம்மாவைக்கூட நீங்க, வாங்கதான். முதல் மாதம் எங்களுக்கு நிம்மதியாக இருந்தது. அப்புறம்தான் ஒவ்வொன்றாகத் தெரிய ஆரம்பித்தது. காலை பத்து மணிக்கே பார்ட்டியிடமிருந்து வந்த பேப்பர்கள் அவர் மேஜையில் இருக்கும். மாலை ஐந்தே முக்காலுக்கு, பையை மாட்டிக்கொள்ளும்போது கைக்கு வரும். "இன்னிக்கே முடிச்சுடுங்க, பரவாயில்லையா?" என்பார். குறிப்பிட்ட ஓர் ஆளை மட்டும் மெயிலின் சிசி-யில் விட்டுவிடுவார், மறுநாள் எல்லோர் முன்னாலும், "உங்களுக்குத் தெரியாதா? எல்லாருக்கும் தெரியுமே" என்று ஆச்சரியப்படுவார். டாக்குமென்டேஷன் பார்த்த பையன் ஒருமுறை ஓர் எச்.எஸ். கோடைத் தப்பாகப் போட்டுவிட்டான். ஃபைல் பண்ணுவதற்கு முன்பே கண்டுபிடித்துத் திருத்தியும் ஆயிற்று. ஆனால் அந்தச் செக்லிஸ்ட், அதாவது ஃபைல் பண்ணுவதற்கு முன் சரிபார்க்க எடுக்கிற நகல், பல வாரங்கள் நோட்டீஸ் போர்டில் தொங்கியது, அவன் பெயரில் மஞ்சள் கோடு போட்டு. கேட்டால், "கத்துக்கிறதுக்குத்தானே" என்று சிரிப்பார். லீவு கேட்டால் தருவார். தந்துவிட்டு, "இவருக்கு வீட்ல பிரச்னை, பாவம், அவர் வேலையை நீங்க கொஞ்சம் பகிர்ந்துக்கோங்க" என்று எல்லோருக்கும் அறிவிப்பார். ராத்திரி பதினொன்றரைக்கு வாட்ஸ்அப்பில் ஒரே ஒரு கேள்விக்குறி வரும். எதைப் பற்றி என்று இருக்காது. விடியும்வரை நாமே யோசித்துக்கொள்ள வேண்டியதுதான்.

இதில் எதை எடுத்து யாரிடம் புகார் சொல்வது? ஒவ்வொன்றாகச் சொல்லிப் பாருங்கள், சொல்கிறவர்தான் அற்பமாகத் தெரிவார். மேனேஜர் கேள்விக்குறி அனுப்பினார் என்று என் மச்சானிடம் சொன்னேன். "கேள்விக்குறிதானே, ஆச்சரியக்குறி போட்டு அனுப்புங்க மாமா" என்றான்.

இதைவிட முக்கியமான ஒன்று உண்டு. அவர் ஒரு சமயத்தில் ஒரே ஆளைத்தான் எடுத்துக்கொள்வார். அந்த ஆளுக்கு டார்ச்சர் நடக்கும் காலத்தில் மற்ற எல்லோரிடமும் மிக அன்பாக இருப்பார், பிள்ளைகளின் படிப்பை விசாரிப்பார், மதியத்துக்கு மேல் சமோசா வரும். சமோசா தின்னும்போது அந்த ஒருவர் தன் இடத்தை விட்டு எழுந்து வரமாட்டார். மற்றவர்கள் அவர் பக்கம் பார்க்கமாட்டார்கள். அவரிடம் ஏதோ குறை இருக்கிறது, அதனால்தான் மாட்டிக்கொண்டார் என்று நம்புவதுதான் வசதி. அப்படி நம்பினால் நமக்கு வராது அல்லவா.

எனக்கான முறை வந்தபோது உடம்புதான் முதலில் சொன்னது. ஞாயிற்றுக்கிழமை மதியம் சாப்பிட்டு முடித்ததும் வயிறு எரியும். நான் வீட்டுக்குப் போவது குரோம்பேட்டைக்கு. பீச் ஸ்டேஷனில் வண்டி கிளம்புவதால் நிச்சயம் உட்கார இடம் கிடைக்கும், அந்த ஒரு சுகத்துக்காகவே பஸ்ஸை விட்டவன் நான். அந்தக் காலத்தில் ஏறாமல் பிளாட்பாரத்திலேயே உட்கார்ந்திருப்பேன், வண்டி போகும், அடுத்ததும் போகும். முகத்தை எப்படி வீட்டுக்குக் கொண்டுபோவது என்று தெரியாது. பி.பி. ஏறியிருக்கிறது என்று சொன்ன டாக்டர், தூக்கம் எப்படி என்று கேட்டார், பிறகு மனநல மருத்துவர் ஒருவரைப் போய்ப் பாருங்கள் என்றார். எனக்கு உடனே கீழ்ப்பாக்கம்தான் ஞாபகம் வந்தது. 1794-ல் தொடங்கிய ஒரு பெரிய அரசு மருத்துவ நிறுவனத்தை நம் ஊரில் கேலிக்கு மட்டுமே பயன்படுத்தி வைத்திருக்கிறோம். ஆபீஸில் யாராவது கொஞ்சம் தடுமாறினால், "கீழ்ப்பாக்கத்துல பெட் போட்டுடலாமா?" என்பது சாதாரண ஜோக். போனேன். தூக்கத்துக்குக் கொஞ்ச நாள் மாத்திரை கொடுத்தார். தூங்கினேன். தூங்கின மனிதனுக்கும் தூங்காத மனிதனுக்கும் இருக்கும் வித்தியாசம் கொஞ்சநஞ்சமில்லை. யாருக்காவது நேரில் போகக் கூச்சமாக இருந்தால் 14416 என்ற எண் இருக்கிறது. மத்திய அரசின் மனநல உதவி எண், டெலி-மானஸ் என்று பெயர், 2022 அக்டோபரில் தொடங்கியது. தமிழிலேயே பேசலாம், காசு கிடையாது. மாத்திரையையோ மூச்சுப் பயிற்சியையோ நான் கிண்டல் பண்ணவில்லை. காலில் முள் குத்தியிருந்தால் வலிக்கு மருந்து வேண்டியதுதான், முள் அங்கேயே இருக்கலாமா என்பதுதான் என் கேள்வி.

எழும்பூர் ஹோட்டலில் ஒரு சனிக்கிழமை

அந்த வருடம் எங்கள் ஆபீஸில் அடுத்தடுத்து இரண்டு பேர் வேலையை விட்டார்கள். அதில் ஒருவன் அந்த டாக்குமென்டேஷன் பையன். இன்னொருவருக்கு மேஜையிலேயே நெஞ்சு அடைப்பது மாதிரி வந்து ஸ்டான்லிக்குத் தூக்கிக்கொண்டு ஓடினோம். ஈ.சி.ஜி. சரியாக இருந்தது. டென்ஷன்தான் என்று சொல்லி அனுப்பிவிட்டார்கள். எங்கள் முதலாளி நல்ல மனிதர். மாதத்தில் பாதி நாள் தூத்துக்குடி கிளையில் இருப்பார். ஆட்கள் டென்ஷனாக இருக்கிறார்கள் என்று கேள்விப்பட்டதும், யாரோ சொல்லி, ஒரு பயிற்சியாளரை ஏற்பாடு செய்தார். எழும்பூரில் ஒரு ஹோட்டலின் மினி ஹால். தலைப்பு, மன அழுத்த மேலாண்மை. குத்துவிளக்கு ஏற்றித் தொடங்கிவைத்தவர் எங்கள் மேனேஜர்.

பயிற்சியாளரைக் குறை சொல்ல ஒன்றுமில்லை, இதமாகப் பேசினார். எல்லோரையும் கண்ணை மூடச் சொன்னார், நாலு எண்ணி இழுத்து, நாலு எண்ணி நிறுத்தி, விடச் சொன்னார். அப்புறம் அந்தக் கதை வந்தது. நீங்களும் கேட்டிருப்பீர்கள். ஒரு கிளாஸ் தண்ணீரைக் கையில் நீட்டிப் பிடித்துக்கொண்டு, "இது எவ்வளவு கனம்?" என்று கேட்பது. ஒரு நிமிஷம் பிடித்தால் ஒன்றுமில்லை, ஒரு மணி நேரம் பிடித்தால் கை வலிக்கும், நாள் முழுக்கப் பிடித்தால் கை மரத்துவிடும், ஆகவே கிளாஸைக் கீழே வையுங்கள். "பிரச்னை வெளியில இல்லைங்க. அதை நாம எப்படி எடுத்துக்கிறோம்ங்கிறதுல இருக்கு" என்றார். முதல் வரிசையில் மேனேஜர் இதை நோட்டில் எழுதிக்கொண்டார். உண்மையாகவே எழுதினார், நான் பின்வரிசையிலிருந்து பார்த்தேன்.

சந்தேகம் ஏதாவது இருந்தால் கேட்கலாம் என்றதும், எங்கள் அக்கவுன்ட்ஸ் அக்கா கையைத் தூக்கினார். வியாசர்பாடிக்காரர். என்னைவிட வயதில் மூத்தவர், ஆபீஸிலும் என்னைவிட மூத்தவர். ஆபீஸ் கூட்டங்களில் வாயே திறக்காதவர். எழுந்து, முந்தானையைச் சரி செய்துகொண்டு, பள்ளிக்கூடத்தில் கேட்பது மாதிரி நிதானமாகக் கேட்டார்:

"சார், கிளாஸைக் கீழ வைக்கச் சொல்றீங்க. வெச்சுடறேன். வெச்ச உடனே எடுத்து மறுபடியும் என் கையில குடுக்கிறவங்க இருந்தா என்ன சார் பண்றது?"

யாரும் சிரிக்கவில்லை. ஏ.சி. சத்தம் மட்டும் கேட்டது. பயிற்சியாளர் ஒரு கணம் அவரையே பார்த்தார். பதில் தெரியாத முகம் இல்லை அது, இந்தக் கேள்விக்குத் தனக்குக் காசு கொடுக்கவில்லை என்று தெரிந்த முகம். "ரொம்ப நல்ல கேள்விம்மா. டீ பிரேக்குக்கு அப்புறம் டிஸ்கஸ் பண்ணலாம்" என்றார். மேனேஜர் மெதுவாகத் திரும்பி அக்காவைப் பார்த்துப் புன்னகைத்தார். அடுத்த முறை யாருடையது என்று ஹாலில் இருந்த எல்லோருக்கும் தெரிந்துவிட்டது. டீ பிரேக்குக்கு அப்புறம் சிரிப்புப் பயிற்சி நடந்தது. ஹா ஹா ஹோ ஹோ என்று கையைத் தட்டிக்கொண்டு சிரித்தோம்.

நான் சொல்ல வருவது அந்த டீ பிரேக்கைப் பற்றி. முதல் சில நிமிடங்கள் அக்கா ஜன்னல் ஓரம் தனியாக நின்றார். எங்கள் வழக்கப்படி யாரும் அந்தப் பக்கம் போகவில்லை. ஃபீல்டில் ஓடுகிற தம்பி, கன்டெய்னர் கிடங்கான சி.எஃப்.எஸ்.ஸுக்கும் கஸ்டம்ஸ் ஹவுஸுக்கும் நாள் முழுக்க பைக்கில் அலைகிறவன், இரண்டு கப் டீயை எடுத்துக்கொண்டு நேராக அவரிடம் போய் ஒன்றைக் கொடுத்துவிட்டுப் பக்கத்திலேயே நின்றுகொண்டான். "அக்கா, கலக்கிட்டீங்க" என்று கொஞ்சம் சத்தமாகவே சொன்னான். அதன் பிறகு நானும் போனேன், இன்னும் இரண்டு பேர் வந்தார்கள். பயமாக இல்லையா என்று அக்காவிடம் கேட்டேன். "பயந்து என்ன தம்பி ஆகப்போவுது? ஹவுஸிங் லோன் போன ஆடியிலயே முடிஞ்சிடுச்சு. பொண்ணு வேலைக்குப் போயிட்டா. இன்னும் கொஞ்ச காலம், அவ்ளோதான்" என்றார். நாம் தைரியம் என்று சொல்வதில் பாதி, கடன் தீர்ந்ததில் வருவது. இன்னும் பதினைந்து வருட இ.எம்.ஐ. பாக்கி வைத்திருப்பவனிடம் போய், "நீ ஏன் எதிர்த்துப் பேசவில்லை?" என்று கேட்பதில் எனக்கு உடன்பாடு கிடையாது.

திங்கட்கிழமை மதியம் அக்கா தன் டிபன் பாக்ஸை எடுத்துக்கொண்டு டாக்குமென்டேஷன் அறையின் பெரிய மேஜைக்கு வந்தார். அதுவரை எல்லோரும் அவரவர் இடத்தில் கம்ப்யூட்டரைப் பார்த்துக்கொண்டே தின்போம். அன்று நாலைந்து பேர் சேர்ந்தோம். சாம்பார், நெத்திலிக் கருவாடு என்று பேச்சு போய், அப்புறம் அந்தப் பேச்சு தானாக வந்தது. தீபாவளிக்கு முன்னால் யார்? நான். பொங்கல் சமயத்தில்? அந்தப் பையன். அதற்கு அப்புறம்? ஒரு பழைய செக்லிஸ்ட்டின் பின்பக்கத்தில் அக்கா எழுதினார், கணக்குப் பார்க்கிறவர் கை அல்லவா, கட்டம் போட்டு எழுதினார். வேலையை விட்ட பையனுக்கு போன் போட்டுக் கேட்டோம். அவன் சொன்ன தேதிகளையும் சேர்த்தோம். ஒவ்வொருவரும் தனக்கு மட்டும்தான் நடந்தது என்று நினைத்திருந்தோம், ஒவ்வொருவரிடமும் அதற்கு ஒரு காரணமும் இருந்தது. தன் இங்கிலீஷ் சரியில்லை என்று ஒரு பெண். கொரோனாவுக்கு அப்புறம் தன் வேலை மந்தமாகிவிட்டது என்று இன்னொருவர். அந்தப் பையன், "நான்தானேண்ணா கோடைத் தப்பாப் போட்டேன்" என்றான், இன்னமும்.

பிறகு இதைப் பற்றிப் படிக்க ஆரம்பித்தபோது ஹைன்ஸ் லேமனின் ஆராய்ச்சி கண்ணில் பட்டது. 1980-களில் ஸ்வீடனில் இருந்துகொண்டு பணியிடக் கொடுமையை முதன்முதலாக முறையாக ஆராய்ந்தவர்களில் ஒருவர். வாரத்துக்கு ஒரு தடவையாவது நடக்க வேண்டும், ஆறு மாதமாவது நீடிக்க வேண்டும், அப்போதுதான் அது கணக்கில் வரும் என்று அவர் ஓர் அளவு வைத்துக்கொண்டார். ஆராய்ச்சிக்கு அளவு வேண்டும்தான். ஆனால் அக்காவின் கட்டத்தில் யாருக்கும் ஆறு மாதம் வரவில்லை. ஆளுக்கு இரண்டு மாதம், மூன்று மாதம். ஆள் ஆளாக அளந்தால் எங்கள் ஆபீஸில் ஒன்றுமே நடக்கவில்லை. கட்டங்களைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் ஒரு வாரம்கூடச் சும்மா போகவில்லை. மேனேஜர் இந்த அளவைப் படித்திருக்க வாய்ப்பில்லை. ஆனால் முறை வைத்து ஆளை மாற்றுவதில் என்ன லாபம் என்பது அவருக்குத் தெரிந்திருந்தது.

கீழ்மாடி வக்கீலின் கேள்விகள்

கீழே வக்கீல் ஆபீஸ் இருக்கும்போது சும்மா இருப்பானேன் என்று ஒருநாள் மாலை நானும் அக்காவும் இறங்கிப் போனோம். லேபர் கேஸ் பார்க்கிறவர். தெரிந்தவர் என்பதால் பீஸ் பேசவில்லை, கேள்விகளை மட்டும் வரிசையாகக் கேட்டார். கை வெச்சாரா? இல்லை. கெட்ட வார்த்தை? இல்லை. ஜாதியைச் சொன்னாரா? சொல்லியிருந்தால் 1989 வன்கொடுமைத் தடுப்புச் சட்டம் இருக்கிறது. சொல்லவில்லை. பெண்களிடம் தப்பாக ஏதாவது? இருந்தால் பணியிடப் பாலியல் துன்புறுத்தலுக்கு எதிரான 2013 சட்டம் இருக்கிறது, பத்துப் பேர் வேலை செய்கிற இடம் என்றால் உள்ளகக் குழு கட்டாயம், மூன்று மாதத்துக்குள் புகார் தர வேண்டும். அப்படியும் இல்லை. சம்பளத்தைப் பிடித்தாரா? இல்லை. வேலையை விட்டுத் தூக்கினாரா? இல்லை. ஒவ்வொரு இல்லைக்கும் எங்கள் வழக்கு சின்னதாகிக்கொண்டே வந்தது. கடைசி இல்லையைச் சொல்லும்போது எனக்கே வெட்கமாக இருந்தது.

"தமிழ்நாடு கடைகள் மற்றும் நிறுவனங்கள் சட்டம்னு 1947-லேயே போட்டது இருக்கு" என்று விளக்கினார். "ஆறு மாசம் தொடர்ந்து வேலை செஞ்ச ஆளைத் தகுந்த காரணம் இல்லாம, ஒரு மாச நோட்டீஸ் இல்லாட்டி அதுக்குண்டான சம்பளம் இல்லாம நீக்க முடியாது, 41-வது பிரிவு. நீக்கினா அப்பீல் போலாம். ஆனா நீக்கினாத்தானே? தானா எழுதிக் குடுத்துட்டுப் போயிட்டா என்ன பண்றது? கட்டாயப்படுத்தி எழுதி வாங்கினாங்கன்னு நீங்கதான் நிரூபிக்கணும்." கொஞ்ச நேரம் பேசாமல் இருந்துவிட்டு, "தி.நகர் ஜவுளிக் கடையில நாள் முழுக்க நிக்கிறவங்களுக்கு உட்கார ஒரு ஸ்டூல் குடுக்கணும்னு இதே சட்டத்துல திருத்தம் வந்தது 2021-ல. எழுபது வருஷத்துக்கு மேல ஆயிருக்கு. நீங்க சொல்றது அதைவிடக் கஷ்டமான சமாச்சாரம்" என்றார்.

சட்டத்தால் இதைத் தொடவே முடியாது என்றில்லை. ஸ்வீடன் 1993-லேயே பணியிடக் கொடுமைக்கென்று தனி விதி கொண்டுவந்தது. பிரான்ஸில் 2002 முதல் அது குற்றம். அங்கே ஒரு பெரிய தொலைபேசி நிறுவனம் ஆயிரக்கணக்கான ஊழியர்களைத் தாமாகவே வெளியேற வைக்கும்படி நெருக்கியதில் பலர் தற்கொலை செய்துகொண்டார்கள். 2019 டிசம்பரில் பாரிஸ் நீதிமன்றம் அதன் முன்னாள் தலைமை அதிகாரி உள்ளிட்டோரைக் குற்றவாளிகள் என்றது. அதே 2019-ல் சர்வதேச தொழிலாளர் அமைப்பு, வேலையிடத்தில் வன்முறையும் துன்புறுத்தலும் கூடாது என்று 190-வது உடன்படிக்கையை நிறைவேற்றியது. இந்தியா அதில் இன்னும் சேரவில்லை. பாரிஸ் வழக்கைப் படித்தபோது எனக்குப் பட்டது ஒன்றுதான்: அங்கே ஒரு மேனேஜரின் குணத்தை விசாரிக்கவில்லை, ஆட்களைக் குறைக்க மேலிடம் போட்ட திட்டத்தைத்தான் விசாரித்தார்கள்.

ரெஜிஸ்டர்

சினிமாவாக இருந்தால் எல்லோரும் ஒன்றாக எழுந்து வெளியே நடந்திருப்போம். நாங்கள் செய்தது அவ்வளவு இல்லை. முதலில் ராத்திரிக் கேள்விக்குறிகளுக்குப் பதில் போடுவதை நிறுத்தினோம். கட்-ஆஃப் இருக்கிற வேலை என்றால் பதில் உண்டு, மற்றபடி, யாருக்கு வந்தாலும் காலை ஒன்பதரைக்கு, "சார், எதைப் பத்திக் கேக்கறீங்க?" என்று ஆபீஸ் குரூப்பிலேயே கேட்பது. ஓர் ஆள் மட்டும் செய்தால் திமிர், ஏழு பேர் செய்தால் ஆபீஸ் வழக்கம். அவர் அறைக்குள் தனியாகக் கூப்பிட்டால் ஒரு ஃபைலை எடுத்துக்கொண்டு இன்னொருவரும் போவது. இதில் எதுவும் பெரிதாக வேலை செய்யவில்லை. கேள்விக்குறி குறைந்தது, ஐந்தே முக்கால் பேப்பர் அதிகமானது.

வேலை செய்தது அக்காவின் ரெஜிஸ்டர். முன்பெல்லாம் ஆபீஸில் இன்வர்ட் ரெஜிஸ்டர் என்று ஒரு நீளமான நோட்டு இருக்கும். வந்த தபால், வந்த நேரம், யார் வாங்கினார், யாரிடம் போனது, கையெழுத்து. எல்லாம் மெயில் ஆன பிறகு அதை விட்டுவிட்டோம். ஜி.எஸ்.டி. ஆடிட்டுக்கு வசதியாக இருக்கும் என்று முதலாளியிடம் ஒரு வார்த்தை கேட்டு, அக்கா அதை மறுபடி ஆரம்பித்தார். இன்வாய்ஸ், பேக்கிங் லிஸ்ட், பி.எல். என்கிற கப்பல் ரசீது, எது வந்தாலும், மெயிலில் வந்தாலும், நேரம் போட்டு ஒரு வரி. டாக்குமென்டேஷனுக்கு எப்போது வந்தது என்று இன்னொரு கட்டம். யாரையும் குற்றம் சொல்லி அதில் ஒரு சொல் கிடையாது. வெறும் நேரம். காலை 10.10, மாலை 5.45. அதற்கு அடுத்த வரி, காலை 11.20, மாலை 5.50. ஒரு பக்கம் நிரம்புவதற்குள் யார் பார்த்தாலும் புரியும்.

அமெரிக்காவில் ராபர்ட் கராசெக் என்பவர் 1979-ல் சொன்னதை இங்கே நினைத்துக்கொள்வேன். வேலை அதிகமாக இருப்பது மட்டும் மனிதனைச் சாய்ப்பதில்லை, வேலை அதிகமாகவும் அதன் மேல் தனக்குப் பிடி இல்லாமலும் இருப்பதுதான் சாய்க்கிறது என்பது அவர் கருத்து. ஜீரோ கேட் வரிசை எங்கள் கையில் என்றுமே இருந்ததில்லை. அதற்காக யாரும் மாத்திரை போட்டதும் இல்லை. எந்தப் பேப்பரை முதலில் எடுப்பது, எத்தனை மணிக்கு முடிப்பது என்பது மட்டும்தான் எங்கள் கையில் இருந்தது. புதியவர் வந்து எடுத்துக்கொண்டது அதைத்தான். ரெஜிஸ்டர் வந்த பிறகு, காலையில் என்னென்ன வந்திருக்கிறது என்று எங்களுக்கே தெரிந்தது. பதினொரு மணிக்கு நேரே போய், "சார், அந்த மூணு செட்டும் குடுத்தீங்கன்னா ஆரம்பிச்சுடுவோம்" என்று கேட்க முடிந்தது. கொடுக்காமல் இருக்க அவரிடம் காரணம் இல்லை.

முதலாளி மனம் இளகித்தான் நடவடிக்கை எடுத்தார் என்று எழுத ஆசைதான். நடந்தது வேறு. ஒரு பார்ட்டி தாமதக் கட்டணம் முழுவதையும் எங்கள் பில்லில் கழித்துவிட்டுச் சண்டை போட்டார். பேப்பர் முன்பே அனுப்பிவிட்டோம், ஃபைல் பண்ணியது நாலு நாள் கழித்து என்று அவர் காட்ட, முதலாளி தூத்துக்குடியிலிருந்து வந்து உட்கார்ந்தார். மேனேஜர், "டாக்குமென்டேஷன்ல லேட், நான் அப்பவே சொன்னேன்" என்றார். அக்கா ரெஜிஸ்டரைக் கொண்டுவந்து வைத்தார். முதலாளி ஒன்றும் பேசாமல் பக்கம் பக்கமாகப் புரட்டினார். ஆட்கள் தூங்காமல் போனதும், நெஞ்சைப் பிடித்துக்கொண்டு விழுந்ததும் அவருக்கு டென்ஷன் என்ற ஒரே சொல்லாகத்தான் போய்ச் சேர்ந்திருந்தது. 5,000, 10,000 என்ற எண்கள் நேராகப் போய்ச் சேர்ந்தன. இதில் எனக்கு வருத்தம் உண்டு. ஆனால் யாருக்கு எந்த மொழி புரிகிறதோ அதில் சொல்வதைத் தவிர வேறு வழியும் தெரியவில்லை. இப்போது யாராவது என்னிடம் வந்து ஆபீஸில் டார்ச்சர் என்று சொன்னால், முதலில் தூங்குகிறாயா என்று கேட்கிறேன். அடுத்து, உன் ஆபீஸில் யாருக்கு எது நஷ்டம் ஆகிறது என்று கேட்கிறேன்.

மேனேஜரை நீக்கவில்லை. காட்டுப்பள்ளித் துறைமுகப் பக்கம் புதுப் பார்ட்டிகளைப் பிடிக்கும் வேலைக்கு மாற்றினார்கள். சம்பளம் குறையவில்லை, அவருக்குக் கீழே ஆள் கிடையாது, அவ்வளவுதான். அந்த வேலையை நன்றாகவே செய்கிறார் என்று கேள்வி. அந்தப் பையனைத் திரும்பக் கூப்பிட்டோம். ஸ்ரீபெரும்புதூரில் ஒரு லாஜிஸ்டிக்ஸ் கம்பெனியில் சேர்ந்திருந்தான், அங்கே சம்பளமும் கூட. "வேணாம்ணா, அந்த மாடிப்படி ஏறினாலே எனக்கு ஒரு மாதிரி ஆயிடும்" என்றான். எனக்கும் பி.பி. மாத்திரை நிற்கவில்லை, அது இனி கூடவே வரும் என்று டாக்டர் சொல்லிவிட்டார்.

அக்காவுக்கும் எனக்கும் இன்னும் தீராத வாதம் ஒன்று இருக்கிறது. அந்த மேனேஜருக்கும் மேலே இருந்து நெருக்கடி இருந்திருக்கும், முந்தின கம்பெனியில் அவரை யாரோ இப்படிப் படுத்தியிருப்பார்கள் என்கிறார் அக்கா. இருக்கலாம். அதே நெருக்கடி பழையவருக்கும் இருந்தது, அவர் கத்தித் தீர்த்தார், ஆளை முறை வைத்துப் பிடிக்கவில்லை என்பது என் கட்சி. போன ஆயுத பூஜைக்கு, காட்டுப்பள்ளிக்கு மாற்றப்பட்ட அந்த மேனேஜர் ஆபீஸுக்கு வந்திருந்தார். அதே சிரிப்பு, அதே "நல்லா இருக்கீங்களா?" அக்கா பொரி, கடலை, சர்க்கரை எல்லாம் போட்டுப் பொட்டலம் கட்டிக் கொடுத்து, அவர் பையனின் பிளஸ் டூ பரீட்சையைப் பற்றி விசாரித்துக்கொண்டிருந்தார். நான் டீ குடிக்கக் கீழே இறங்கிவிட்டேன். அக்காவால் அது முடிகிறது. என்னால் முடியவில்லை, முடிய வேண்டும் என்றும் தோன்றவில்லை.